மருதையாற்றுப் பாலமும் மீஸானின் கணக்கும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 23. கார்த்திகை மாதத்து அடைமழை. பச்சைமலைப் பக்கத்திலிருந்து இறங்கிப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களைக் கடந்து கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. அன்றிரவு அது இரு கரையும் தொட்டு ஓடியது. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி இரவெல்லாம் ஓடிவந்த விரைவு வண்டி, அரியலூர் நிலையத்தை விட்டுக் கல்லகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பொழுது இன்னும் விடியவில்லை. மருதையாற்றுப் பாலத்தை அடைந்ததும் நீராவி இன்ஜினும் அதனை அடுத்த பெட்டிகளும் வெள்ளத்துக்குள் இறங்கின. உறங்கிக் கொண்டிருந்தவர்களில் 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த விபத்தைப் பற்றி நம் ஊர்களில் பேச்சு எழும்போதெல்லாம் அது அரசியலில்தான் போய் முடியும். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் மஹபூப்நகர் அருகே பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே அவர் விலக முன்வந்திருந்தார். அன்று ஏற்காத நேரு, அரியலூருக்குப் பின் ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசனின் பெயரையும் அரியலூரையும் மோனையாகக் கோத்து 1957 தேர்தலில் முழங்கிய முழக்கம், அதைக் கேட்டறியாத தலைமுறைக்கும் இன்று தெரியும். அரியலூர் தனி மாவட்டமாக மறுபடியும் பிரிக்கப்பட்ட நாளும் 2007 நவம்பர் 23 என்பது தற்செயலாகவே இருக்கவேண்டும்.

அரசியலை இத்துடன் விடுவோம். நாம் இங்கே கேட்க விரும்பும் கேள்வி வேறு. வெள்ளம் இரும்பை முறிக்கவில்லை. தண்டவாளத்தை அது தின்றுவிடவும் இல்லை. அப்படியானால் அன்று அந்த இடத்தில் இல்லாமற்போனது எது?

இல்லாமற்போனது கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும் ஒரு விசை. பொறியியல் மாணவர்கள் அதனை எதிர்விசை என்று படிக்கிறார்கள். ஒரு பொருளை ஒரு தாங்கியின் மேல் வைத்தால், பொருள் தாங்கியைக் கீழே அழுத்துகிறது, தாங்கியும் அதே அளவுக்குப் பொருளை மேலே தள்ளுகிறது. மேசை மேலிருக்கும் தண்ணீர்க் குவளை அசையாமல் இருப்பதனால் அங்கே விசை ஏதும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. புவி கீழே இழுக்க, மேசை மேலே தள்ள, இரண்டும் சமப்பட்டிருப்பதாலேயே அது அசையாமல் இருக்கிறது. தாங்கியிடம் இன்னொரு வியப்பும் உண்டு. காலிக் குவளைக்குக் கொஞ்சமும், நிறைந்த குவளைக்கு அதிகமுமாக, கேட்ட அளவே அது தருகிறது. கூடத் தந்தால் குவளை மேலே எழும்பும், குறைத்துத் தந்தால் கீழே இறங்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே மரமும் கல்லும் இந்தக் கணக்கைப் பிசகின்றி முடிக்கின்றன. தம்மால் இயன்ற எல்லை வரையில் மட்டும். அந்த எல்லைக்கு மேல் போனால் மேசை முறிகிறது, மண் அமிழ்கிறது.

ஒரே பொருளை இரு தாங்கிகள் தாங்கும்போது சுமை எப்படிப் பங்காகிறது என்பதற்கு நம் பள்ளிவாசல் முற்றத்தைவிட நல்ல பாடசாலை இல்லை. ரமலான் மாதத்து அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சி அண்டாவை மூங்கிலில் கோத்து இருவர் தோளில் தூக்கிவருவதைப் பார்த்திருப்போம். அண்டாவும் கஞ்சியுமாக 60 கிலோ, இரு தோள்களுக்கும் இடையே ஆறடி என்று வைத்துக்கொள்வோம். மூங்கிலின் எடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். அண்டா நடுவில் தொங்கினால் ஆளுக்கு 30 கிலோ. அதுவே முன்னே செல்பவரிடமிருந்து இரண்டடியும் பின்னே வருபவரிடமிருந்து நான்கடியும் தள்ளித் தொங்கினால், முன்னவர் தோளில் 40, பின்னவர் தோளில் 20. இருவருக்கும் கூலி ஒன்றேயானாலும் சுமை ஒன்றல்ல. வயதில் மூத்தவர் பின்னால் நிற்பார், இளையவர் அண்டாவைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். கணக்கு எழுதாமலே கணக்குத் தெரிந்தவர்கள்.

எழுதிப் பார்த்தால் அது இரண்டே வரிதான். மேல்நோக்கிய விசைகளின் கூட்டுத்தொகை கீழ்நோக்கிய எடைக்குச் சமம் என்பது முதல் வரி. எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும், விசையையும் அதன் தூரத்தையும் பெருக்கிக் கிடைக்கும் திருப்புவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும் என்பது இரண்டாம் வரி. மூங்கில் வளையாது, நசுங்காது என்று ஒரு சலுகை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அப்படி உருமாறாததாகக் கொள்ளப்படும் பொருளையே பாடநூல் திண்பொருள் என்கிறது.

இனி மூங்கிலின் இடத்தில் இருபது மீட்டர் நீளமுள்ள இரும்பு உத்திரத்தை வையுங்கள். அதன் சொந்த எடை 20 டன். அதன் மேல் 60 டன் இன்ஜின் ஒன்று ஏறி, ஒரு முனையிலிருந்து ஐந்து மீட்டரில் நிற்கிறது. இன்ஜினின் முழு எடையும் அந்த ஒரு புள்ளியில் இறங்குவதாகக் கொண்டால், அருகிலுள்ள தாங்கி இன்ஜினுக்காக 45 டன்னும், தொலைவிலுள்ளது 15 டன்னும் தர வேண்டும். உத்திரத்தின் எடைக்காக இரண்டும் பத்துப் பத்து டன். ஆக ஒன்று 55, மற்றொன்று 25. இன்ஜின் நகர நகர இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். வண்டி பாலத்தைக் கடக்கும் சில நொடிகளுக்குள் கரையின் கல்லும் மண்ணும் பத்து டன்னிலிருந்து எழுபது டன் வரை ஏறி இறங்கிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உத்திரத்தின் சொந்த எடையைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டோமே, அந்த உரிமையை யார் தந்தது? சுமை உத்திரத்தின் நீளம் முழுவதும் பரவிக் கிடக்க, அதனை நடுப்புள்ளியில் குவிந்ததாகக் கொள்வது எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு முறையாக நிறுவியவர்களில் ஒருவர், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா. கி.பி. 901இல் மறைந்தவர். ‘கிதாபுல் கரஸ்தூன்’ என்ற அவருடைய நூல், ஒரு கை குட்டையாகவும் மறு கை நீளமாகவும் உள்ள கடைவீதித் தூக்குக்கோலைப் பற்றியது. நம் பாட்டன்மார் காலத்து வெள்ளிக்கோலின் உறவினம் என்று சொல்லலாம். கோலுக்கே எடை இருக்கிறது. நீண்ட கை தன் எடையாலேயே சாயும். அதனைச் சரிக்கட்டக் குட்டைக் கையில் எவ்வளவு தொங்கவிட வேண்டும்? சீராகப் பரவிய எடையை அதன் நடுவே ஒரே எடையாக வைத்தாலும் சமநிலை மாறாது என்று காட்டி, அவர் விடை கண்டார். அந்த அரபு நூல் 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் லத்தீனுக்குப் போயிற்று, ஐரோப்பிய மாணவர்கள் நெடுங்காலம் அதைப் படித்தார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. ‘அனைத்தையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. தாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரான் நகரத்து ஸாபியீ சமயத்தவர். கலீஃபாவின் தலைநகரம் அவருக்குப் பணியும் மரியாதையும் தந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. அந்தப் பெருமைக்காக அவருடைய மார்க்கத்தை மாற்றி எழுத வேண்டியதில்லை. நெம்புகோலின் விதியையும் அவர்கள் சூனியத்திலிருந்து எடுக்கவில்லை. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஆர்க்கிமிடீஸ் அதனை நிறுவியிருந்தார். எடையைப் பற்றிய நூலை எழுதுபவர்கள் வரலாற்றின் எடையையும் சரியாக நிறுக்க வேண்டுமல்லவா?

எடை என்பது அவர்களுக்கு ஏட்டுக்கணக்காக மட்டும் இருக்கவில்லை. அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிக்கும் ஒரு முழு அத்தியாயமே, அல்முதஃப்ஃபிஃபீன், திருக்குர்ஆனில் இருக்கிறது. கடைவீதிகளில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிப்பது பல நகரங்களில் நடைமுறை. நீதி நிலைபெறும் இடம் தராசின் அச்சு. ஆகவே அந்த அச்சு எங்கே இருக்க வேண்டும், கோல் எப்போது தானாகத் திரும்பிச் சமப்படும், எப்போது கவிழ்ந்துவிடும் என்பதெல்லாம் மார்க்கப் பற்றுள்ள அறிஞர்களின் உள்ளத்தைத் தொட்ட கேள்விகளாயின.

அவர்களுள் நம் மனத்தைப் பெரிதும் கவர்பவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினீ. இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வ் நகரத்தவர், அடிமையாய் வந்து கல்வியால் உயர்ந்தவர். ஹிஜ்ரி 515இல், அதாவது 1121–22இல், ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் ஆட்சிக்காலத்தில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற பெருநூலை முடித்தார். பெயரின் பொருள் ஞானத் தராசு. எடையின் மையம் என்ன என்பதைப் பற்றி அல்கூஹீயும் இப்னுல் ஹைதமும் சொன்னவற்றை அதிலே தொகுத்தார். பொருளை நீரில் அமிழ்த்தி நிறுத்து, பொன்னில் வெள்ளி கலந்திருப்பதையும் கல்லை மணியென்று விற்பதையும் கண்டுபிடிக்கும் தராசை விளக்கினார். தமக்கு முன் அல்இஸ்ஃபிஸாரீ என்பவர் பல்லாண்டு உழைத்து அத்தகைய தராசு ஒன்றைச் செய்து முடித்ததாகவும், தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய கருவூலக் காவலர் அதை உடைத்தெறிந்ததாகவும், அந்தத் துயரிலேயே அறிஞர் இறந்ததாகவும் அவர் பதிந்து வைத்திருக்கிறார். சரியான தராசுக்குப் பகைவர் எந்தக் காலத்திலும் உண்டு.

அல்காஸினீயின் அரபு மூலத்தை 1940 வாக்கில் அச்சிட்டது நம் நாட்டு ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் என்பதையும் சொல்லிவைப்போம்.

ஆனாலும் இந்த அறிஞர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கோல் எங்கே சமப்படும் என்றே அவர்கள் பெரும்பாலும் கேட்டார்கள். கோலைத் தூக்கி நிற்கும் கயிறும் அச்சும் எவ்வளவு விசை தருகின்றன என்பது அவர்களுக்குத் தனிக் கேள்வியாக எழவில்லை. தராசுக்காரனுக்கு அது தேவையும் இல்லை, அவனுக்குப் பொருளின் எடை தெரிந்தால் போதும். பாலம் கட்டுபவனின் நிலை நேர்மாறு. அவனுக்கு எடை முன்பே தெரியும், தாங்கி எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாது. ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையிலான மறுவிசை உண்டு என்று 1687இல் நியூட்டன் விதியாக வகுத்த பின்னர், தாங்கியை நீக்கிவிட்டு அதன் இடத்தில் ஓர் அம்புக்குறியை வரைந்து கணக்கிடும் வழி மெல்ல மெல்லப் பொறியாளர்களின் கைக்கு வந்தது. கல்தூணுக்குப் பதில் காகிதத்தில் ஓர் அம்பு. இன்றும் கட்டுமானக் கல்வியின் முதல் ஆண்டில் மாணவர்கள் வரைவது அதுதான்.

அம்பை எத்திசையில் வரைவது என்பது தாங்கியின் வகையைப் பொறுத்தது. உருளையின் மேல் உட்கார்ந்த உத்திரமுனைக்குத் தாங்கி நேர்மேலாக மட்டுமே தள்ளும், பக்கவாட்டில் அது விட்டுக்கொடுத்துவிடும். கீல் போட்ட முனை மேலும் கீழும் பக்கமும் தடுக்கும், சுழல்வதை மட்டும் தடுக்காது. வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தால் போதும். சுவருக்குள் இறுகப் பதிந்த முனையோ சுழற்சியையும் தடுக்கும். பெரும்பாலான இரும்புப் பாலங்களில் ஒரு முனையைப் பிடித்து வைத்து, மறு முனையை நகரவிடுவார்கள். அறியாதவர் கண்ணுக்கு அது சோம்பலாய்க் கட்டியதுபோல் தெரியும். அரியலூர் வெயிலில் இருபது மீட்டர் இரும்பு 30 பாகை சூடேறினால் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். இரு முனைகளையும் அசையவிடாமல் பிடித்தால் நீள முடியாத அந்த இரும்பு, தன் வெட்டுமுகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 700 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு கரைச்சுவரைத் தள்ளத் தொடங்கும். ஒரு பக்கம் விட்டுக்கொடுப்பதாலேயே பாலம் பிழைக்கிறது.

இறுகப் பதிந்த முனைக்கு எடுத்துக்காட்டு நம் ஜன்னலுக்கு மேலேயே இருக்கிறது. வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வளைகுடாவில் பல ஆண்டு உழைத்த பணம் வீடாக எழுகிறது. அந்த வீட்டின் சன்ஷேடும் மாடி முகப்பும் ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்பட்டவை. சன்ஷேடு கீழே மடங்க முயலும்போது சுவர்தான் அதனைத் திருப்பிப் பிடிக்கிறது. அப்போது கான்கிரீட்டின் மேற்பாகம் இழுபடும், கீழ்ப்பாகம் நசுங்கும். இழுவையைத் தாங்க வேண்டிய கம்பி ஆகவே மேலே இருக்க வேண்டும். அறைக் கூரையின் நடுப்பகுதியில் கம்பி கீழே இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கும் கீழே போட்டுவிடுவதுண்டு. சரியாக மேலே கட்டிய கம்பியின்மீது கலவை கொட்டுவோர் ஏறி நடக்க, அது அமிழ்ந்து அடிக்குப் போய்விடுவதும் உண்டு. பூசி முடித்த பின் வெளியில் எதுவும் தெரியாது. முட்டுக்களைப் பிரிக்கும்போதும் வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி வர வேண்டும், மாற்றிப் பிரித்தால் நுனி முட்டே தாங்கியாகிக் கணக்கு தலைகீழாகிவிடும். கொத்தனாரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கம்பி மேலேயா கீழேயா என்று வீட்டுப் பெண்களும் நின்று கேட்கட்டும்.

தாங்கியின் அம்பு எப்போதும் நேர்மேலாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. வளைவு தன் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, இரு கால்களையும் வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. இஸ்தான்பூலின் அயா சோஃபியா 537இல் கட்டி முடிக்கப்பட்டு, இருபது ஆண்டு கழித்து 558இல் அதன் குவிமாடம் இடிந்து விழுந்தது. மீண்டும் எழுப்பிய பின்னும் சுவர்கள் வெளியே சாய்வது ஓயவில்லை. 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானியத் தலைமைக் கட்டடக் கலைஞர் மிஃமார் ஸினான் வெளியே பெரும் முட்டுச்சுவர்களை எழுப்பி, உள்ளிருந்து வரும் தள்ளலுக்கு வெளியிலிருந்து பதில் கொடுத்தார். தாமே கட்டிய சுலைமானியாவில் அத்தகைய முட்டுச்சுவர்களைச் சுவரோடு சுவராக இணைத்து, அவை இருப்பதே தெரியாமல் செய்துவிட்டார். நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானம் இந்தத் தொல்லைக்கே இடம் கொடுக்கவில்லை. ராஜேந்திர சோழனின் சிற்பிகள் கல்வரிசைகளைக் கிடையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சற்றே உள்வாங்கி உயர்த்தினார்கள். எடை கீழ்நோக்கியே இறங்குகிறது, பக்கத் தள்ளல் இல்லை. அந்தக் கோயிலின் சுற்றுமதில் கற்கள் 1836 வாக்கில் கொள்ளிடத்தின் கீழணைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன என்பது வேறொரு வருத்தக்கதை. இடித்தவர்களாலும் விமானத்தைத் தொட முடியவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் இரண்டு வரிக் கணக்கால் விடை காண முடியாத இடம் ஒன்று உண்டு. ஜனாஸாவைச் சுமந்து செல்லும் சந்தூக்கை நால்வர் தோள் கொடுத்துத் தூக்குகிறார்கள். ஒவ்வொருவர் தோளிலும் எவ்வளவு? எடையும் நீளமும் அகலமும் தெரிந்தாலும் சொல்ல முடியாது. தெரிய வேண்டிய எண்கள் நான்கு. மொத்த எடைக்கு ஒன்று, நீளவாக்கில் சாயாமைக்கு ஒன்று, அகலவாக்கில் சாயாமைக்கு ஒன்று என்று சமன்பாடுகள் மூன்றுதான். உயரமானவர் தோளில் கூடும், குள்ளமானவர் தோளைச் சில வேளை சந்தூக் தொடாமலே போகும். ஒருவர் சற்றுக் குனிந்தால் அவர் பங்கு மற்றவர்களுக்குப் போய்விடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதும், நாற்காலி ஆடுவதும் இதனால்தான். ஆனால் அந்த நான்காமவர்தான் காப்பு. ஒருவர் கால் இடறினாலும் எஞ்சியோர் தாங்கிக்கொள்ள, அதற்குள் பின்னால் வருபவர் ஓடிவந்து தோள் கொடுத்துவிடுகிறார்.

இரு முனைகளில் மட்டும் உட்கார்ந்த பாலத்துக்கு அந்த நான்காமவர் இல்லை. இரண்டு தாங்கிகளில் ஒன்று போனால், அதன் பங்கை வாங்கிக்கொள்ள வேறு யாரும் கிடையாது.

மருதையாற்றில் அன்றிரவு நடந்ததும் அதுவே. பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போயிருப்பவர்கள், முன்னொரு காலத்துக் கடற்படிவ மண்ணை மழைநீர் அறுத்து அறுத்து ஆழ்ந்த வாய்க்கால்களாக ஆக்கியிருப்பதைக் கண்டிருப்பார்கள். பெய்யும் மழையே அப்படி அறுக்கும் என்றால், தூணிலும் கரைச்சுவரிலும் மோதிச் சுழலும் வெள்ளத்தின் வலிமையை எண்ணிப் பாருங்கள். தடையில் மோதிய நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து அடிமண்ணைக் கிளறி எடுத்துக்கொண்டு போகிறது. உலகெங்கும் பாலங்கள் வீழ்வதற்கான முதன்மைக் காரணங்களில் இந்த அரிப்பு ஒன்று. அது நடப்பது நீருக்கடியில், கலங்கலுக்குள், இரவில். மேலே எதுவும் தெரியாது. ஏனெனில் கீழே மண் போன பின்னும் தண்டவாளமும் அதில் பிணைந்த கட்டைகளும் சிறு தூரத்துக்குத் தம் எடையைத் தாமே சுமந்துகொண்டு கயிற்றுப் பாலம்போல் தொங்கும். தூரத்திலிருந்து விளக்கொளியில் பார்ப்பவருக்கு இரு கோடுகளும் ஒழுங்காகவே தெரியும். தாங்கி இருக்கிறதா என்று அறிய அதன்மேல் சுமை ஏற வேண்டியிருக்கிறது. சுமை ஏறியது. இன்ஜின் தன் பல டன் எடைக்கும் பதில் கேட்டது. கீழே பதில் சொல்ல மண் இல்லை.

மண்ணின் கதை ஆற்றோரத்தோடு முடிவதில்லை. பருத்தி விளையும் நம் கரிசல் நிலம் மழையில் வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லா அடித்தளத்தில் நிற்கும் வீட்டின் ஒரு மூலை எழும்பி ஒரு மூலை அமிழ, நாற்காலியின் ஆட்டம் சுவரில் விரிசலாக வெளிப்படும். சந்தூக்கின் கீழ் ஒருவர் குனிந்தால் மற்றவர் தோளில் என்ன நடக்குமோ, அதுவே அங்கே தூண்களுக்கு நடக்கிறது. வீங்கிச் சுருங்கும் மேல்மண்ணைக் கடந்து, மாறாத ஆழத்தில் அடிக்குமிழ் வைத்து ஊன்றும் தூண்களை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்தது. வீடு கட்டுமுன் மண்ணைச் சோதிக்க ஆகும் செலவு, வாசற்கதவின் வேலைப்பாட்டுக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. இருந்தும் நம்மவர் கதவைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1956இல் மீட்டர் கேஜ் ஒற்றைத் தடமாக இருந்த விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் இன்று மின்மயமான இரட்டை அகலப்பாதை. வைகையும் பல்லவனும் பாண்டியனும் அரியலூரைத் தாண்டி மருதையாற்றைச் சில நொடிகளில் கடக்கின்றன. மழைக்காலத்தில் ரயில்வே பாலங்களின் தூண்களில் அபாய மட்டக் கோடு போட்டிருப்பதையும், இரவில் கைவிளக்கோடு இருப்புப்பாதை வழியே ரோந்து செல்லும் ஊழியர்களையும் பயணத்தில் நாம் பார்க்கலாம். நீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கிடப்பட்ட கட்டளை. ஜன்னலுக்கு வெளியே அந்த விளக்கு தெரிந்தால், அதை ஏந்தி நிற்பவர் தண்டவாளத்தைவிட அதற்குக் கீழேயுள்ள மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.